பதினோரு மணிக்கு மண்வெட்டி ஏன் கனக்கிறது?

வங்கியில் முப்பத்து மூணு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, அப்பா விட்டுப்போன மூணு ஏக்கரில் ரசாயனம் போடாமல் மல்லாட்டை, கேழ்வரகு, கொஞ்சம் நெல் என்று பயிர் வைக்க ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகிறது. மண்ணுக்கு என்ன போடணும், எப்போ போடணும் என்று நாம் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். அந்த மண்ணில் இறங்கி வேலை செய்கிற உடம்புக்கு என்ன போடணும், எப்போ போடணும் என்று பேசுவது ரொம்பக் குறைவு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் வருஷம் நடந்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். அப்போது எனக்குத் தொப்பை இருந்தது. நண்பர் ஒருவர் பேச்சைக் கேட்டு அரிசி, கூழ், களி எல்லாவற்றையும் நிறுத்தினேன். முட்டை, காய், கொஞ்சம் கறி, காலையில் சர்க்கரை போடாத கடுங்காப்பி. பத்து நாளில் மூணு கிலோ குறைந்தது. ஒரே சந்தோஷம். பதினோராவது நாள் காலை ஆறரை மணிக்கு ஆட்களோடு சேர்ந்து நானும் வரப்பு வெட்டப் போனேன். ஒன்பது மணி வரை ஒன்றும் தெரியவில்லை. பத்தரைக்கு மேல் மண்வெட்டியைத் தூக்க முடியவில்லை. பசி என்று சொல்ல முடியாது. தலை காலியான மாதிரி, கால் நடுக்கம், காரணமே இல்லாமல் கோபம். ஓர் ஆளை ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சத்தம் போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் தன் தூக்குவாளியைத் திறந்தார். "வெறும் வயித்தோட வந்து மம்முட்டி புடிச்சா நெலம் சும்மா வுடுமா சார்? மொதல்ல இந்தக் கூழக் குடிங்க" என்றார். மோர் விட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழ், உப்பு, ரெண்டு சின்ன வெங்காயம். கால் மணி நேரத்தில் தலை தெளிந்துவிட்டது. ஆனால் கையும் தோளும் அன்று முழுக்கத் திரும்பவே இல்லை. மறுநாளும் பாதிதான்.

தலை உடனே தெளிந்தது, கை ஏன் தெளியவில்லை? இந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது.

உடம்பு வைத்திருக்கும் கணக்குகள்

அரிசியோ, கம்போ, கேழ்வரகோ, வாழைப்பழமோ, எதைச் சாப்பிட்டாலும் அதில் உள்ள மாவுச்சத்து கடைசியில் குளுக்கோஸ் ஆகிறது. உடனே தேவைப்படாத குளுக்கோஸை உடம்பு கோத்துக் கோத்துச் சேமித்து வைக்கிறது. அந்தச் சேமிப்புக்குக் கிளைக்கோஜன் என்று பெயர். இது மூணு விதமான கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, சட்டைப்பை சில்லறை. ரத்தத்தில் எந்த நேரமும் ஓடிக்கொண்டிருக்கிற குளுக்கோஸ் மொத்தமே நாலைந்து கிராம்தான். ஒரு டீஸ்பூன் சர்க்கரை அளவு.

ரெண்டாவது, கல்லீரல். இங்கே 80 முதல் 100 கிராம் வரை கிளைக்கோஜன் இருக்கும். ரத்தத்தில் சில்லறை குறையக் குறைய, கல்லீரல்தான் எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கும். மூளை ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் செலவழிக்கிறது. நாம் தூங்கும்போதும் அந்தச் செலவு நிற்பதில்லை. அதனால் விடியும்போது கல்லீரல் கணக்கு கணிசமாகக் குறைந்துபோயிருக்கும்.

மூணாவது, தசை. எல்லாத் தசைகளையும் சேர்த்தால் 300 முதல் 500 கிராம் வரை தேறும். இதுதான் பெரிய கணக்கு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இன்றைக்கு எந்த ஊர்க் கிளையில் போட்ட பணத்தையும் எந்த ஊரிலும் எடுக்கிறோம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அப்படிக் கிடையாது. போளூர் கிளையில் போட்டால் போளூரில்தான் எடுக்க முடியும். தசைக் கிளைக்கோஜன் இன்னமும் அந்தப் பழைய முறையில்தான் இருக்கிறது. தொடையில் இருப்பது தொடைக்கு, தோளில் இருப்பது தோளுக்கு. அதைக் குளுக்கோஸாக்கி ரத்தத்தில் விடுகிற நொதி தசையில் இல்லை. கல்லீரலில் இருக்கிறது.

என் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. கூழ் குடித்ததும் ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறியது, மூளைக்குப் போய்ச் சேர்ந்தது, தலை தெளிந்தது. தோளும் தொடையும் பத்து நாளாக வரவு இல்லாமல் செலவு மட்டும் பண்ணியவை. ஒரு சொம்புக் கூழில் அந்தக் கணக்கு நிரம்பாது. காலியான தசை முழுசாக நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலும் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும்.

இன்னொரு உண்மையும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு கிராம் கிளைக்கோஜன் தன்னோடு சுமார் மூணு கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். 400 கிராம் கிளைக்கோஜன் தீர்ந்தால் அதோடு ஒரு கிலோவுக்கு மேல் தண்ணீரும் போய்விடும். நான் சந்தோஷப்பட்ட மூணு கிலோவில் ஏறக்குறையப் பாதி, தண்ணீரும் தீர்ந்துபோன எரிபொருளும்தான்.

கொழுப்பு இருக்கிறதே, அது ஏன் உதவவில்லை?

நியாயமான கேள்வி. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி. கல்லீரலும் தசையும் சேர்ந்து 500 கிராம் வைத்திருந்தாலும் 2,000 கலோரிதான். உடம்பில் பத்து கிலோ கொழுப்பு இருக்கிறவரிடம் சுமார் 90,000 கலோரி கிடக்கிறது. அப்புறம் ஏன் களைப்பு?

கொழுப்பு என்பது நிலத்தில் போட்ட பணம் மாதிரி. மதிப்பு அதிகம், அவசரத்துக்குக் கைக்கு வராது. கொழுப்பைக் கரைத்து, தசைக்குக் கொண்டுபோய், எரிக்கிற வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆக்ஸிஜனும் கூடுதலாக வேண்டும். ஒரு லிட்டர் ஆக்ஸிஜனுக்கு மாவுச்சத்தில் 5 கலோரி கிடைத்தால், கொழுப்பில் 4.7 கலோரிதான் கிடைக்கும். ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவனுக்கு இந்தச் சின்ன வித்தியாசம் பெரிசு.

மெதுவான வேலையில் கொழுப்புதான் பெரும்பங்கு எரிகிறது. மாடு மேய்க்க நடப்பது, உட்கார்ந்து பூப்பறிப்பது, விதை பொறுக்குவது எல்லாம் அப்படி. வேலை கடுமையாக ஆக ஆக, மாவுச்சத்தின் பங்கு ஏறிக்கொண்டே போகும். வரப்பு வெட்டுவது, குழி தோண்டுவது, மூட்டை தூக்குவது, தென்னை ஏறுவது இந்த வகை. எளிய சோதனை ஒன்று. ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் அது பெரும்பாலும் கொழுப்பில் ஓடுகிற வேலை. ரெண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினால் மாவுச்சத்து வேகமாகத் தீர்கிறது என்று அர்த்தம்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1924-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த மாரத்தான் ஓட்டம் முடிந்ததும், மருத்துவர்கள் சில ஓட்டக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தவர்கள்தான் வெளிறிப்போய், தள்ளாடி, மனம் குழம்பி நின்றார்கள். அடுத்த வருஷம் அதே ஓட்டத்தில், முன்கூட்டியே மாவுச்சத்து கூட்டிச் சாப்பிடச் சொல்லி, ஓடும்போது மிட்டாயும் கொடுத்தார்கள். ரத்தச் சர்க்கரை இறங்கவில்லை. ஆட்களும் நல்ல நிலையில் ஓடி முடித்தார்கள்.

1939-ல் டென்மார்க்கில் கிறிஸ்டென்சன், ஹான்சன் என்ற ரெண்டு ஆய்வாளர்கள், சில நாள் கொழுப்பு உணவும், சில நாள் மாவுச்சத்து உணவும் கொடுத்து மிதிவண்டி மிதிக்க வைத்தார்கள். கொழுப்பு உணவில் தாக்குப்பிடித்த நேரத்தைவிட, மாவுச்சத்து உணவில் இரண்டு மடங்குக்கும் மேல் தாக்குப்பிடித்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1966-ல் ஸ்வீடனில் நடந்தது. பெர்க்ஸ்ட்ராம், ஹல்ட்மன் என்ற ரெண்டு மருத்துவர்கள் தங்கள் உடம்பிலேயே சோதனை செய்தார்கள். ஒரே மிதிவண்டி. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஆளுக்கு ஒரு காலால் மட்டும், இனி முடியாது என்கிற வரை மிதித்தார்கள். பிறகு ஊசியால் ரெண்டு தொடையிலிருந்தும் கடுகளவு தசை எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில் கிளைக்கோஜன் காலி. சும்மா இருந்த காலில் அப்படியே இருந்தது. அடுத்த மூணு நாள் மாவுச்சத்து உணவு சாப்பிட்டதும், வேலை செய்த கால் நிரம்பியதோடு நிற்காமல், சும்மா இருந்த காலைப்போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு சேர்த்து வைத்திருந்தது. ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு. உழைத்த தசைதான் அதிகம் வாங்கி வைத்துக்கொள்கிறது.

அடுத்த வருஷம் அதே ஸ்வீடன் குழு ஒன்பது பேரை வைத்து அளந்தது. மாவுச்சத்து இல்லாத உணவுக்குப் பிறகு சுமார் ஒரு மணி நேரம், கலப்பு உணவுக்குப் பிறகு சுமார் ரெண்டு மணி நேரம், மாவுச்சத்து மிகுந்த உணவுக்குப் பிறகு சுமார் மூணு மணி நேரம் கடுமையாக மிதிக்க முடிந்தது.

இன்றைக்கு உலகத்தின் நெடுந்தூர ஓட்டங்களில் முன்னால் நிற்கிற கென்யாவின் காலென்ஜின் ஓட்டக்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று 2004-ல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களுக்குக் கிடைக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்திலிருந்துதான். முக்கிய உணவு உகாலி. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் போட்டுக் கிளறி எடுப்பது. நம்ம ஊர்க் களிக்குச் சொந்தக்காரன்.

'பழகினால் உடம்பு கொழுப்பிலேயே ஓடும்' என்று பேலியோ நண்பர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. 2017-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், தேர்ந்த வேகநடை வீரர்கள் மூணு வாரம் கொழுப்பு உணவுக்குப் பழகினார்கள். அவர்கள் உடம்பு கொழுப்பை நிறையவே எரித்தது. ஆனால் அதே வேகத்துக்கு அதிக ஆக்ஸிஜன் தேவைப்பட்டது. மாவுச்சத்து சாப்பிட்டுப் பயிற்சி செய்தவர்கள் தங்கள் 10 கிலோமீட்டர் நேரத்தைக் குறைத்தார்கள், கொழுப்புக்காரர்களால் முடியவில்லை.

பெரியவர்களின் நேரக் கணக்கு

எங்கள் தாத்தா காலத்தில் ஏர் பூட்டப் போகும் முன் ஒரு சொம்பு நீராகாரம். ஒன்பது, ஒன்பதரைக்கு வயலுக்கே கூழ் வரும். மத்தியானம் களி. சாயங்காலம் திரும்பியதும் ஒரு வாய். ராத்திரி சோறு. இப்போது இதைக் கிளைக்கோஜன் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்க. விடியலில் குறைந்துபோன கல்லீரலுக்குக் கொஞ்சம். தசை தீரத் தொடங்கும் நேரத்தில் ரத்தத்துக்கு வரவு. வேலை முடிந்ததும் நிரப்புதல். மோர்க் கூழில் மாவுச்சத்து, தண்ணீர், உப்பு மூணும் சேர்ந்தே இருக்கிறது. வேர்வையில் போவதும் இவைதானே, தண்ணீரும் உப்பும்.

அதற்காகப் பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்குப் பலர் வெறும் கூழ் குடித்தது வேறு வழி இல்லாததால். பருப்பும் பயறும் முட்டையும் போதாமல் உடம்பு தேய்ந்தவர்கள் உண்டு. தசையைக் கட்டுவதற்குப் புரதம் வேண்டும். ஓட்டுவதற்கு மாவுச்சத்து வேண்டும். ரெண்டுக்கும் வேலை வேறு வேறு.

எப்போது, எவ்வளவு?

நான் படித்ததையும், என் வயலில் செய்து பார்ப்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முந்தின ராத்திரி: மறுநாள் வரப்பு வெட்டு, அறுவடை மாதிரி கடுமையான வேலை இருந்தால், ராத்திரிச் சாப்பாட்டில் சோறு, களி, சப்பாத்தி எதையும் தவிர்க்காதீங்க. நாளைய மண்வெட்டி இன்றைய தட்டில் ஆரம்பிக்கிறது.

கிளம்பும் முன்: வெறும் காப்பியோடு போகக்கூடாது. ஒரு சொம்பு நீராகாரமோ, ரெண்டு வாழைப்பழமோ போதும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் குனிந்து வேலை செய்ய முடியாது.

வேலைக்கு நடுவில்: ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உழைத்தால் உள்ளே ஏதாவது போகணும். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்று சொல்கிறார்கள். நம் வேலை அவ்வளவு வேகம் இல்லை. பாதி இருந்தாலே நன்றாகத் தெரிகிறது. ஒரு சின்ன வாழைப்பழத்தில் சுமார் 20 கிராம் உண்டு. வெல்லத்தில் பெரும்பகுதி சர்க்கரைதான். 50 கிராம் கேழ்வரகு மாவில் காய்ச்சிய கூழில் 30 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கும். ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ வெறும் 10 கிராம். டீ மட்டும் போதாது என்பது அதனால்தான்.

முதல் வாயிலேயே ஒரு தெம்பு வருவதைக் கவனித்திருப்பீங்க. அது மனப்பிரமை கிடையாது. 2004-ல் இங்கிலாந்தில், மாவுச்சத்துக் கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பிவிட்டு மிதிவண்டி ஓட்டியவர்கள்கூட, சுமார் ஒரு மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய 3 சதவீதம் முன்னதாக முடித்தார்கள். வரவு வரப்போகிறது என்று நாக்கு மூளைக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. ஆனால் நீண்ட வேலைக்கு விழுங்கித்தான் ஆகணும்.

வேலை முடிந்ததும்: முதல் ரெண்டு மணி நேரத்தில் தசை வேகமாக நிரப்பிக்கொள்ளும். மறுநாளும் அதே வேலை என்றால் அந்தச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீங்க. சோற்றோடு பருப்போ, முட்டையோ, சுண்டலோ இருக்கட்டும்.

யாருக்கு எச்சரிக்கை?

மேலே சொன்னது எல்லாம் உழைக்கிற நாளுக்கு. மழை நாளில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதும் அதே அளவு சோறு சாப்பிட்டால், நிரம்பிய கணக்கில் மேலும் போட இடம் இருக்காது, மிச்சம் கொழுப்பாகத்தான் சேரும். வங்கியில் இருந்தபோது என் தவறு அதுதான். வயலுக்கு வந்தபின் செய்த தவறு அதற்கு நேர் எதிர். செலவைப் பார்த்து வரவு வைக்கணும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கூடுதல் கவனமாக இருக்கணும். உழைக்கும் தசை இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். மருந்தும் சர்க்கரையை இறக்கும். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மண்வெட்டி பிடித்தால் சர்க்கரை அபாய அளவுக்கு இறங்கலாம். குளிர் வேர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சு குழறுவது இதன் அடையாளம். வயலில் வேர்வையைப் பார்த்து 'வெயில்தான்' என்று விட்டுவிடுவோம், அதுதான் ஆபத்து. உடனே மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கணும். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை கொடுக்கணும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிடணும். கடுமையான வேலை நாளில் மருந்து அளவை என்ன செய்வது என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்க. நீங்களாக மாற்றாதீங்க.

என் நோட்டுப் புத்தகம்

கடைசியாக ஒன்றை ஒப்புக்கொள்ளணும். நிலத்தைக் கையில் எடுத்த புதிதில், வங்கிப் பழக்கத்தில் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவேன். அப்பா காலத்தில் ஆட்களுக்குப் பத்து மணிக்குக் கூழ் கொடுப்பார்கள். அதைச் செலவுப் பட்டியலில் பார்த்துவிட்டு நிறுத்தினேன். கூலி மட்டும் ரொக்கமாக. பிறகு யார் எத்தனை பாத்தி முடித்தார்கள் என்றும் எழுதி வந்தேன். பத்தரைக்கு மேல் எல்லோருக்குமே வேலை சரிந்தது. நோட்டின் ஓரத்தில் 'ஏமாற்றுகிறார்கள்' என்று எழுதி வைத்தேன். அந்த எழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது.

அவர்களில் பெரும்பாலோர் விடியலில் எழுந்து, பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு, தாங்கள் ஒரு டீ குடித்துவிட்டு வந்தவர்கள். நான் வரப்பில் உட்கார்ந்த அன்று எனக்குக் கொடுத்த கூழ், அந்த அக்கா தனக்காகக் கொண்டுவந்தது. நான் நிறுத்திய கூழுக்குப் பதிலாக அவர் வீட்டிலிருந்து தூக்கி வந்தது. எனக்குப் பாதியை ஊற்றிவிட்டு மிச்சத்தோடு அவர் மத்தியானம் வரை களை எடுத்தார்.

அடுத்த வாரமே பத்து மணிக் கூழைத் திரும்பக் கொண்டுவந்தேன். எங்கள் வயலில் விளைந்த கேழ்வரகு, எங்கள் மாட்டு மோர், ஒரு தட்டு வெங்காயம், சில நாள் அவித்த மல்லாட்டை. கால் மணி நேரம் எல்லோரும் வேப்பமரத்தடியில் உட்காருவோம். அதற்குப் பிறகு மத்தியானம் வரை வேலை ஒரே சீராகப் போகிறது, சத்தம் போட வேண்டிய அவசியமும் இல்லை.

நீங்களும் உங்கள் வயலில் ஒரு வாரம் செய்து பாருங்க. ஆள் கிடைக்கவில்லை, கிடைத்த ஆளும் வேலை செய்வதில்லை என்று சொல்வதற்கு முன்னால், அவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்று ஒரு வார்த்தை கேளுங்க. அப்படியே, நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும்.